குணமண்ணையின் கப்பல்பாட்டுகள்

கடற்காற்று அடிக்கிற ஊரில் கசெற் வைத்திருப்பது லேசான வேலையல்ல, ஐயா. உப்பும் ஈரமும் சேர்ந்து நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். மாரி தொடங்கமுதல் ஒவ்வொன்றையும் ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, மெல்லிய துணியால் துடைத்து, காற்றுப் புகாமல் மூடிவைக்கவேண்டும். இந்த வேலையை முப்பத்துமூன்று வருஷம் ஒரு மாரியும் தவறாமல் செய்தவன் நான்.

பொலிஸில் சொன்னதை நீதவான் உங்களுக்கு முன்னால் திரும்பச் சொல்லவேண்டும் என்றார்கள். என்னை யாரும் அடிக்கவுமில்லை, வெருட்டவுமில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

என் பெயர் யோகநாயகம். வயது அறுபத்துநாலு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் றேடியோ, ரீவி திருத்துகிற கடை வைத்திருந்தேன். கையடக்கத் தொலைபேசி வந்தபிறகு திருத்துவதற்கு ஒன்றும் வரவில்லை, பூட்டிவிட்டேன். கலியாணம் செய்யவில்லை. குணரத்தினம் என்கிற குணமண்ணைக்கு என்னைவிட எட்டு வயது கூட. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு லோஞ்சுப் படகில் போய்த் தாள்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவது அவருடைய உத்தியோகம். போகும்போது தோளில் ஒரு ரேப்றெக்கோடரும் போகும். கோதுமை இறக்க வந்த கப்பல், சீமெந்துக் கப்பல், எஞ்சின் பழுதாகி ஒதுங்கிய கப்பல், எதுவென்றாலும் அதில் ஒருத்தனைப் பிடித்து, “உன்ர ஊர்ப் பாட்டு ஒண்டு பாடு” என்பார். கிரேக்கன், ரஷ்யன், பர்மாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன், ஒருதரும் மாட்டேன் என்று சொன்னதில்லையாம். கரையைக் கண்டு மாதக்கணக்கானவர்கள். சிலர் பாடிவிட்டு அழுவார்கள். அழுகிறதும் நாடாவில் இருக்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குணமண்ணையின் குரல் திகதி சொல்லும், கப்பலின் பெயர் சொல்லும், அன்றைக்கு எந்தப் பக்கத்துக் காற்று என்று சொல்லும்.

அப்படி ஆயிரத்து நூற்று நாற்பத்துமூன்று கசெற்றுகள். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அவருக்கு இளைப்பாறிய பிறகு சேர்க்க ஒன்றுமில்லை, கேட்பதுதான் வேலை. தினமும் பின்னேரம் நாலு மணிக்கு நான் போவேன். துறைமுகத்தைப் பார்த்தபடி ஏறுகிற ஒழுங்கையில் அவருடைய வீடு. அண்ணையின் மனைவி கமலாதேவி அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவா. நாங்கள் இரண்டு கசெற் கேட்போம்.

மெஷின்கள் என் கையில்தான் இருந்தன. அவருக்கு உள்ளே ஒரு றப்பர் வார் அறுந்தால் மாட்டத் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் எரிந்தபோது அண்ணையும் அக்காவும் கைக்குழந்தையாக இருந்த மகள் கீர்த்தனியோடு அகதி முகாமுக்கு ஓடினார்கள். கசெற்றுகளை நான் என்னுடைய கடைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, பதினாறு நாள் உள்ளேயே இருந்தேன். என் அம்மா அந்த நாட்களில்தான் கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காய்ச்சலோடு கிடந்து செத்துப்போனா. நான் அவவிடம் போயிருந்தால் கசெற்றுகள் இருந்திராது. அதைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. எது முக்கியம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது.

கீர்த்தனி இப்போது கனடாவில். போன வருஷம் தைப்பொங்கலுக்கு வந்தவள், அங்கே ஒரு பல்கலைக்கழகம் கசெற்றுகள் முழுவதையும் கேட்கிறது, கணினியில் ஏற்றி என்றைக்கும் அழியாமல் வைத்திருப்பார்கள் என்றாள். அண்ணை அந்த இடத்திலேயே சம்மதித்தார். தச்சனைக் கூப்பிட்டு மூன்று பெரிய மரப்பெட்டி அடித்தார்கள். எனக்கு அண்ணை அதைச் சொன்ன விதம் நல்ல விதமாகத்தான் இருந்தது.

“நாயகம், உனக்கும் இனி ஆறுதல். இந்தப் பூஞ்சணம் துடைக்கிற வேலை முடிஞ்சுது. பின்னேரத்தில கடற்கரைப் பக்கம் நடந்துபோட்டு வா, உடம்புக்கு நல்லது.”

நான் ஓம் என்றேன்.

அண்ணைக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது. வலி வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற சின்ன மாத்திரை, குளிசை ஒன்று. அந்தப் போத்தல் எந்த நேரமும் அவருடைய மேசையில், வலது கைப் பக்கம் இருக்கும்.

இந்த வருஷம் மாசி மாதம், வியாழக்கிழமை. கமலாதேவி அக்கா தம்பலகாமத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்து, “இண்டைக்கு மூண்டு மணிக்கே வா” என்றார். இந்தக் கசெற்றுகள் எப்படிச் சேர்ந்தன என்று தன் வாயாலேயே சொல்லி ஒரு நாடா அனுப்பும்படி பல்கலைக்கழகத்தில் கேட்டிருந்தார்களாம். ஒரு மெஷினில் பழைய பாட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்காட்டி, இடையிடையே பேசி, இன்னொரு மெஷினில் எல்லாவற்றையும் பதிவதாக ஏற்பாடு. புதுக் கசெற் வாங்கவில்லை. பழைய ஒன்றில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. கையில் அகப்பட்ட அதையே எடுத்துப் போட்டார். எது என்று நான் பார்க்கவில்லை. அது பிறகு எனக்குப் பெரிய துன்பமாகப் போயிற்று.

பத்து நிமிடம் மட்டும் பேசியிருப்பார். ஒரு பிலிப்பைன்ஸ் சமையற்காரனின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது இடது தோளைப் பிடித்தார். முகம் சாம்பல் நிறமாயிற்று. குளிசை என்றார். சரியாக அந்த நேரம் பாட்டு ஓடிய மெஷினுக்குள் நாடா சிக்கிற்று. மெஷின் நாடாவைத் தின்னத் தொடங்கினால் நொடிக்கு நொடி சேதம் கூடும். இரண்டு காரியம் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் ஒன்றைத்தான் முதலில் செய்யலாம். நான் எழுந்துபோய் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, உருளையில் சுற்றியிருந்த நாடாவை நகத்தால் மெல்ல எடுத்தேன். கசெற்றின் பல்லுக்குள் பென்சிலைக் கொடுத்து உள்ளே சுற்றினேன். கசங்கிய இடத்தை விரலால் நீவிவிட்டேன். அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

அண்ணை கையால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். போத்தல் மேசையில் இல்லை. அது என்னுடைய சட்டைப் பையில் இருந்தது.

மேசை முழுக்க கசெற்றும் வயருமாகக் கிடந்ததால், தட்டுப்பட்டு விழுந்துவிடக்கூடாது என்று மூன்று மணிக்கு வந்ததும் எடுத்துப் பையில் போட்டிருந்தேன்.

நாடா முழுவதும் சுற்றி முடிந்தபோது அவரும் முடிந்திருந்தார். நான் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன். பிறகு போத்தலை வலது கைப் பக்கம் வைத்துவிட்டு, பின்கதவால் இறங்கிப் போய், நாலு மணிக்கு வழக்கம்போல முன்கேற்றால் வந்தேன். ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருக்கிற நஸ்ரியைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டேன். நானும் அவனுமாகத் தூக்கி ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மரண விசாரணையில், ஏற்கெனவே நெஞ்சு வருத்தக்காரர் என்று எழுதினார்கள். நான் நாலு மணிக்கு வந்ததாகச் சொன்னேன். வேறு மாதிரி நினைக்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

பயம் எனக்கு எப்போது வந்தது என்பதைச் சரியாகச் சொல்லமுடியும். அடுத்தநாள் சுடலையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டையின்மேல் இன்னொன்றை வைக்கிறபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். அதே மாதிரி ஒரு சத்தத்தை முதல்நாள் அந்த அறையில் கேட்டிருக்கிறேன். நான் கதிரையில் இருந்தபோது. நாடா கடைசிவரை ஓடி முடிந்தால் பதிகிற மெஷினின் விசை தானாக மேலே எழும்புகிற சத்தம் அது.

அவ்வளவு நேரமும் அது பதிந்துகொண்டிருந்தது.

சடங்கு முடியமுதல் நான் திரும்பி வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினேன். துக்கத்தில் என்று நினைத்து யாரோ பிடித்து மரத்தடியில் இருத்தினார்கள். முப்பது வருஷத்துக்குமேல் றெக்கோடரோடு சீவித்தவன் அதை எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று பொலிஸில் கேட்டார்கள். எனக்கும் விளங்கவில்லை.

சுடலையிலிருந்து நேரே வீட்டுக்குப் போனேன். மெஷினுக்குள் கசெற் இல்லை. உடலை வைக்க இடம் வேண்டுமென்று பெண்கள் அறை முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். அலுமாரியில் இருந்தது, மேசையில் கிடந்தது, எல்லாவற்றையும் கையில் வந்தபடி காட்போட் பெட்டிகளிலும் மாச்சாக்குகளிலும் அள்ளிப் போட்டுப் பின்னறையில் குவித்திருந்தார்கள். முப்பத்துமூன்று வருஷ ஒழுங்கு ஒரு பின்னேரத்தில் போய்விட்டது. அந்தக் குவியலுக்குள் எங்கேயோ ஒரு கசெற், அதன் ஏதோ ஒரு பக்கத்தில் நான் இருந்தேன்.

செய்தி கேட்டு வந்த கீர்த்தனி முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து கனடாவுக்கு வெளிக்கிட்டபோது, பெட்டிகளை மாரிக்கு முதல் கப்பலில் ஏற்றுவதாக ஏற்பாடு. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

“போறதுக்குமுதல் எல்லாத்தையும் ஒருக்கா நான் கேக்கவேணும். எனக்கு விரல் மடங்காது, விசை அமத்த ஏலாது. நாயகம் வழக்கம்போல நாலு மணிக்கு வந்து போட்டுத் தரட்டும்.”

ஐயா, நான் பயந்த சுபாவமுள்ளவன் அல்ல. சண்டைக்காலத்தில் செல் குண்டு விழுந்த ஒழுங்கையில் தனியாகக் கிடந்திருக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் நாலு மணி என்றால் மூன்றரைக்கே ஒழுங்கை முகப்பில் வந்து, ஏறாமல் நிற்பேன். சாக்குக்குள் கையை விட்டு அக்காவே இரண்டு எடுத்துத் தருவா. நான் போடுவேன். அவ அண்ணையின் கதிரையில் இருப்பா, நான் மெஷினுக்குப் பக்கத்தில். அண்ணையின் குரல் வரும். “மார்கழி பன்னிரண்டு. வாடைக்காற்று.” பிறகு எவனோ பாடுவான். நான் பாட்டைக் கேட்பதில்லை. பாட்டுக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது தொடங்குமுன் நாடா வெறுமையாக ஓடுகிற அந்த இரண்டு மூன்று நொடியில் என் விரல் நிறுத்துகிற விசையின்மேல் போய் நிற்கும். ஒருநாள் நாடாவில் அண்ணை இருமினார். வெறும் இருமல்தான். என் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது.

“என்ன நாயகம், கோப்பையைப் போட்டிட்டியள்?”

“பிறஷர் அக்கா.”

“மருந்து போடுறியளே? நேரத்துக்குப் போடவேணும். வீட்டில ஒரு ஆளும் இல்லை உங்களுக்கு, எடுத்துத்தர.”

அவ சாதாரணமாகத்தான் சொன்னா. நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு கேட்டால் மாரிக்குள் பாதியும் முடியாது என்பது விளங்கியது. மிச்சம் கப்பலேறிப் போகும். அங்கே யாரோ ஒரு பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நொடியாகக் கேட்கும். தமிழ் தெரிந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அதை நினைத்து நினைத்துத்தான் நான், “பூஞ்சணம் கூடிப்போச்சு அக்கா, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைச்சுக்கொண்டு வாறன்” என்றேன். அவ ஓம் என்றா. முதல் பெட்டியை நஸ்ரியின் ஓட்டோவில் கொண்டுபோனேன்.

முதலில் கேட்டுத்தான் பார்த்தேன். இரண்டு மெஷினில் ஒரே நேரத்தில் போட்டு, இரண்டு காதிலும் ஒவ்வொன்றாக. பத்து நாளில் அறுபதுகூட முடியவில்லை. நடுவில் கண் அயர்ந்துபோவேன். விழித்ததும், அயர்ந்த நேரத்தில்தான் அது ஓடிப்போயிருக்கும் என்று திரும்பவும் போடுவேன். என்னையே நம்ப ஏலாமல் போயிற்று. கடை வைத்திருந்த காலத்தில், ரீவித் திரையில் கறைபோல் நிறம் படிந்தால் எடுப்பதற்கு மின்சாரத்தில் வேலைசெய்கிற ஒரு காந்த வளையம் வைத்திருந்தேன். அதைக் கசெற் பெட்டியின்மேல் ஒரு நிமிடம் சுற்றினால் உள்ளே இருக்கிறதெல்லாம் போய்விடும். திறக்கவும் தேவையில்லை.

அதைச் செய்தேன். ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடம்.

கஷ்டமாக இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். முதல் பெட்டிக்குக் கஷ்டமாக இருந்தது. அதில் கிரேக்கர் இருந்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சேர்த்தவர் இல்லை. கேட்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், எனக்கு அவையெல்லாம் மனப்பாடம். கனடாவில் ஒரு இரும்பு அலுமாரிக்குள் கிடப்பதைவிட என் தலைக்குள் இருப்பது மோசமில்லை. துடைத்து, புதுப் பெயர்த்துண்டு ஒட்டி, வரிசைப்படி அடுக்கித் திருப்பிக் கொடுத்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது.

அன்றைக்கு அக்கா, நான் திருப்பிக் கொடுத்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தா. போட்டேன். வெறும் இரைச்சல்.

“சத்தம் வரேல்லையே நாயகம்.”

“பூஞ்சணம் திண்டிட்டுது அக்கா. சிலது தப்பும், சிலது தப்பாது.”

நான் எடுக்கப்போனேன். “விடுங்கோ” என்றா. “ஓடட்டும்.”

முப்பது நிமிடம் அந்த இரைச்சல் ஓடியது. அவ கையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்ததும், “மற்றப் பக்கத்தையும் போடுங்கோ” என்றா. ஊருக்குள் திரிகிற மான் ஒன்று கேற்றடியில் வந்து காட்போட் துண்டைச் சப்பிக்கொண்டு நின்றது. அதைத் துரத்துகிற சாட்டிலாவது வெளியே போகலாம் என்று எழும்பினேன். “இருங்கோ நாயகம்” என்றா. நான் இருந்தேன்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நாலு மணி, இரண்டு கசெற், நாலு பக்கமும் இரைச்சல். அவ ஏன் எரிந்துவிழவில்லை, ஏன் கீர்த்தனிக்குச் சொல்லவில்லை, ஏன் அடுத்த பெட்டியைத் தானே நஸ்ரியிடம் சொல்லி ஓட்டோவில் ஏற்றிவைக்கிறா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்வேன்.  வயது போய்விட்டது, காது மந்தம், அண்ணை போனதில் மனம் கலங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னாலும் அந்த இரைச்சலுக்குள் ஏதாவது முளைத்துவிடுமோ என்று என் காது தேடிக்கொண்டேயிருந்தது. வீட்டில் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் அண்ணை என்னைக் கூப்பிடுவது கேட்கும். குழாயைப் பூட்டிவிட்டு நிற்பேன். ஒன்றுமிராது.

புரட்டாதி முடிவில் கடைசிச் சாக்கையும் முடித்தேன். ஏற்கெனவே நாங்கள் கேட்டவற்றையும் சேர்த்துத்தான் அழித்தேன். கவனம் தவறிய இடம் ஏதும் இருக்கலாம் அல்லவா. அன்றைக்கு ஒழுங்கையில் ஏறும்போது பல மாதத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு நன்றாக வந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. என்ன கப்பல் என்று நின்று பார்த்தேன்.

அக்கா வழக்கம்போலக் கதிரையில் இருந்தா. சாக்குக்குள் கைவிடவில்லை. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு கசெற்றை எடுத்தா.

“இனி இது ஒண்டுதான் மிச்சம். போடுங்கோ.”

அதில் அண்ணையின் கையெழுத்து இருந்தது. ஒரு பர்மாக் கப்பலின் பெயர். நான் வாங்கவில்லை.

“இது எங்கை இருந்தது அக்கா?”

“அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்த உடனே நானே மெஷினுக்குள்ளால எடுத்து வைச்சனான். அவர் கடைசியாக் கதைச்சது இருக்கும் எண்டு. எட்டுச் செலவுக்கு அடுத்தநாள் நஸ்ரியின்ர ஓட்டோவுக்குள்ள இருந்து கேட்டன். அவன்ர பழைய ஓட்டோவில கசெற் போடுற செற் கிடக்கு. அவனைத் தேத்தண்ணி குடிச்சிட்டு வா எண்டு அனுப்பிப்போட்டுத் தனியக் கேட்டனான்.”

எட்டுச் செலவு, அவர் செத்து எட்டாம் நாள் சடங்கு, அதற்கு அடுத்தநாள். நான் மனதில் கூட்டிப் பார்த்தேன். முதல் நாலு மணிக்கே அவவுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை பின்னேரமும், நான் பயந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறா.

“ஏனக்கா ஒண்டும் கேக்கேல்லை?”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான். ஒவ்வொரு நாளும் கேற் திறக்கேக்கை, இண்டைக்குச் சொல்லுவான் எண்டு நினைப்பன். பிறகு முதல் பெட்டி வெறும் இரைச்சலா வந்துது. என்ன செய்யிறியள் எண்டு விளங்கிற்று.”

“அப்ப ஏன் விட்டனீங்கள்? அண்ணையின்ர சீவியமெல்லோ அது?”

அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அக்கா துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னா.

“நாப்பத்தொரு வருஷம். வாற கப்பல்ல இருக்கிற சமையற்காரன், எண்ணெய் விடுறவன் எல்லாரையும் பாடு பாடு எண்டு கேட்டவர். நான் கோயில்ல பாடினால் சனம் வீதியில நிண்டு கேக்கும். ஒருநாள், ஒரே ஒருநாள், கமலா நீ ஒண்டு பாடு எண்டு அந்த மெஷினை எனக்கு முன்னால வைச்சவரே? உங்களுக்குத்தான் வைச்சவரே? முப்பத்துமூண்டு வருஷம் துடைச்சியள்.” பிறகு என் பக்கம் திரும்பி, “பாட்டுகளுக்குக் கீர்த்தனியிட்டை நான் பதில் சொல்லுவன். அந்தாளுக்கு நீங்கள் பதில் சொல்லவேணும். போடுங்கோ” என்றா.

பாட்டு அழிந்ததில் அவவுக்கும் பங்கு உண்டு என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். பாடச் சொல்லாததெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே அல்ல. எனக்குப் பாட வராது என்றுதான் நான் எப்போதும் சொல்லிவந்தேன்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. அக்காவுக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது. மருந்து ஊதுகிற குழல் ஜன்னல் விளிம்பில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவ நான் பார்ப்பதைப் பார்த்தா.

“நஸ்ரி கேற்றடியில நிக்கிறான்” என்றா, குரல் ஏறாமல். “முக்கால் மணித்தியாலத்தில கூப்பிடாட்டி உள்ளுக்கு வரச் சொல்லியிருக்கிறன்.”

நான் கசெற்றை வாங்கிப் போட்டேன்.

அண்ணை பேசினார். பாட்டுப் போட்டார், பேசினார். எந்தக் காற்று, எந்தக் கப்பல். முப்பது வருஷத்து ஆட்களின் பெயரெல்லாம் சொன்னார். என் பெயர் வரவில்லை. பிறகு கதிரை இழுபட்டது. “நாயகம், குளிசை. மேசையில பார்.” மெஷின் நாடாவைத் தின்னுகிற கீச்சுச் சத்தம். என்னுடைய காலடி. “பொறுங்கோ அண்ணை” என்று என் குரல், சந்தையில் முறைக்கு நிற்பவனுக்குச் சொல்வதுபோல். அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. பென்சில் சுற்றுகிற சத்தம். அதற்கு அடியில் மூச்சு, இழுத்து இழுத்து. “நாயகம், உன்ர சேட்டுப் பையில...” அவர் கண்டிருக்கிறார். அதுவும் எனக்கு நினைவில்லை.

குளிசைப் போத்தல் விழுந்துவிடும் என்று எடுத்ததாக முதலில் சொன்னேன். அது சரியல்ல. செவ்வாய்க்கிழமையும் எடுத்துப் பையில் போட்டேன், புதன்கிழமையும் போட்டேன். போகும்போது திருப்பி வைத்தேன். அந்த இரண்டு நாளும் அவருக்கு வலி வரவில்லை. வியாழக்கிழமை வந்தது. நான்தான் அவரைக் கொன்றேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். கப்பல்பாட்டுகளையும் நான்தான் அழித்தேன். எங்கள் ஊரை விட்டு அவை போகக்கூடாது என்பதற்காகத்தான் எல்லாம் செய்தேன். இப்போது ஒன்றும் போகவில்லை.

நஸ்ரியின் ஓட்டோவில் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பொலிசுக்குப் போனோம்.  அவ கசெற்றை மடியில் வைத்திருந்தா. அதை இப்போது முத்திரையிட்டு உங்களிடம் தந்திருப்பார்கள். ஒரு பக்கத்தில் பர்மாக்காரன் இருக்கிறான். மற்றப் பக்கத்தில், அண்ணையின் மூச்சு நின்றபிறகும் பன்னிரண்டு நிமிடம் நாடா ஓடியிருக்கிறது. நான் கதிரையில் சும்மா இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. பாடியிருக்கிறேன். அந்தப் பிலிப்பைன்ஸ் சமையற்காரனின் பாட்டை, பொருள் தெரியாத சொற்களோடு, முதலிலிருந்து கடைசிவரை. பிறகு இன்னொன்று. கேட்டபோது அது யாருடைய குரல் என்று அக்காவிடம் கேட்டேன். அவ என்னைப் பார்த்த பார்வையில்தான் விளங்கியது.

எனக்கு இப்போது இருக்கிற பயம் ஒன்றுதான். நீதிமன்றத்தில் அந்த நாடாவைப் போடும்போது, அண்ணை பேசி முடிந்ததும் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள், ஐயா. கடைசிவரை ஓடவேண்டும். அறையில் அப்போது வேறு சத்தம் இல்லாதபடியால் குரல் மிகத் துப்புரவாக விழுந்திருக்கிறது.